நூற்றுப் பதினான்கு பேரும் இருப்பார்கள்

அந்தப் படத்தில் நூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். நாய், பன்றி, காக்கைகளை நான் சேர்க்கவில்லை. எண்ணியவள் நான்தான், எண்ணாமல் அதைப் பிரதி எடுத்திருக்க முடியாது. வெளிநாட்டுக் காலண்டர் ஒன்றிலிருந்து கிழித்த தாள் அது, இரண்டு சாண் அகலம் இருக்கும். அதை எட்டடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள கித்தானில் பெரிதாக வரைந்து தர வேண்டும் என்று ஒரு புது ஹோட்டலிலிருந்து வேலை வந்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் யாங்கோனில் மூலைக்கு மூலை ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் வந்து சாப்பிடும் இடத்தில் அவர்கள் ஊர்ப் படம் தொங்கினால் நன்றாக இருக்கும் என்று அந்த ஹோட்டல் முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. யாங்கோனின் பசுந்தாங் வட்டாரத்தில் கால்வாய்க்குப் போகும் தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த படப் பட்டறையில் வேலை செய்தேன். பட்டறைக்காரர் தமிழ் முஸ்லிம். அவருடைய பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். குடும்பத்தில் எல்லோரும் ஜவுளி, சாமான் கடை என்று இருக்க, இவர் மட்டும் சினிமாத் தட்டி எழுதப் போனார். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பதினாறு வயதில் அங்கே தூரிகை கழுவத்தான் சேர்ந்தேன். யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மீந்த வர்ணத்தை அட்டைத் துண்டுகளில் பூசிப் பார்த்தேன். ஒரு நாள் தட்டி எழுதுகிறவர் வரவில்லை. நடிகையின் காதையும் தோட்டையும் நான் முடித்து வைத்திருந்தேன். நானா பார்த்துவிட்டு, "இனிமே கழுவ வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு நான் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தேன். அதற்குக் காரணம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு முன்பு பசுந்தாங்கிலேயே, கால்வாய்க்கரையில் அரிசி மில்களுக்குப் பின்னால் இருந்தது. வரிசையாகக் குடிசைகள். அப்பா மில்லில் மூட்டை தூக்கினார். நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா சந்தை முனையில் பயாஜோ சுட்டு விற்றாள். பருப்பு வடைக்கு அங்கே அதுதான் பெயர். எண்பத்தெட்டில் அரசாங்கத்துக்கு எதிராக எழுந்த கலவரம் ஓய்ந்த மறு வருஷம் ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்தது. ஊரை அழகு பண்ணப் போகிறோம், இத்தனை நாளில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனது. சொன்ன நாளில் லாரிகள் வந்தன. கதவு, தகரம், அம்மி, அடுப்பு, நாங்கள், எல்லாம் ஒரே லாரியில். கிழக்கே வயல்வெளியில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிய ஒரு துண்டு நிலத்தில் இறக்கிவிட்டார்கள். கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அந்த இடத்தை நாங்கள் புதுப்பேட்டை என்று சொல்லப் பழகிக்கொண்டோம். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது அப்போதுதான்.

அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் வாணலியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தின்கன்ஜூனில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அதே பசுந்தாங் சந்தை முனையில், அதே இடத்தில் அடுப்பை வைத்தாள். காவல்காரர் வந்து, "உன்னைத்தான் எடுத்தாச்சே" என்று கேட்டிருக்கிறார். "வீட்டைத்தானே எடுத்தீங்க. நான் வந்துட்டேன்" என்றாளாம். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அவளைக் கிளப்பினார்கள். அவள் போவாள், சந்தையைச் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்து நிற்பாள்.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

காலண்டர் தாளின் அடியில் ஆங்கிலத்தில் 'ஃபிளெமிஷ்' என்று இருந்தது. நானா அதை வரைந்தவருடைய பெயர் என்று நினைத்தார். "ஃபிளெமிஷ் சயா நல்லா போட்டிருக்காரு" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார், ஐயா. நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்தான், அது ஐரோப்பாவில் ஒரு பக்கத்து ஜனங்களுடைய பெயர், நானூறு வருஷத்துக்கு முந்தைய படமாக இருக்கும் என்று சொன்னார்.

முதலில் பார்த்தபோது வெள்ளையும் சாம்பலும்தான் தெரிந்தது. உறைந்த ஆறு, மொட்டை மரங்கள், பனி மூடிய கூரைகள், தூரத்தில் ஒரு மாதாகோயில் கோபுரம். பென்சிலால் கட்டம் போட்டுப் பூதக்கண்ணாடியை வைத்த பிறகுதான் ஜனங்கள் வெளியே வந்தார்கள். ஆற்றின் மேல் சறுக்கிக்கொண்டு போகிறவர்கள். சறுக்கி விழுந்து பாவாடை மேலே ஏறிக் கிடக்கும் ஒரு பெண், அவளைத் தூக்க வந்து தானும் விழப்போகும் ஒருவன். பன்றியைக் கட்டி வைக்கோல் தீயில் மயிர் கருக்கும் ஒரு குடும்பம். மாட்டுத் தாடையெலும்பின் மேல் உட்கார்ந்து வழுக்கி விளையாடும் ஒரு பிள்ளை. விறகு சுமந்து பாலம் ஏறும் ஒருத்தி. சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் ஓர் ஆள். ஆற்றின் நடுவில், கால்கள் இல்லாமல், கைகளில் கட்டை பிடித்து உந்தி நகரும் ஒரு பிச்சைக்காரர். வலது ஓரத்தில் ஆற்றங்கரையோடு ஒட்டிச் சாய்ந்து நிற்கும் நான்கு குடிசைகள், ஒன்றின் கூரை வழியாகப் புகை.

சறுக்குகிறவன் எந்த அளவோ அதே அளவில்தான் பிச்சைக்காரரும் இருந்தார். வரைந்தவர் யாரையும் பெரிதாகப் போடவில்லை, யாரையும் மறைக்கவும் இல்லை. அது எனக்குப் பிடித்தது.

எனக்குப் பனி தெரியாது. ஐஸ் தெரியும். மீன் இறங்கும் படித்துறைக்கு விடியற்காலையில் போய், உமியில் புதைத்துக் கொண்டுவரும் ஐஸ் பாளங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐஸ் வெள்ளை இல்லை. உள்ளே பச்சையும் சாம்பலும் ஓடும். விரிசல் இருக்கும் இடத்தில்தான் வெள்ளை. ஒரு துண்டை வாளியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்து, உருகுவதற்குள் வர்ணம் கலந்து பார்ப்பேன். ஆறு எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

விறகுக்காரியை அம்மா சரி செய்தாள். ஒரு நாள் மத்தியானம் வியாபாரம் முடிந்து, காலித் தட்டோடு பட்டறைக்கு வந்து, கித்தான் முன்னால் நின்றாள். முதலில் அவள் கேட்டது, "இந்த ஊருல என்ன சாப்பிடுவாங்க? ஒண்ணும் வெளயாது போலிருக்கே." பிறகு பாலத்துப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"இவ சொமக்கலடி. முதுகுல வெறகு ஒட்டி வச்ச மாதிரி இருக்கா."

"படத்துல அப்படித்தான் இருக்கும்மா."

"நல்லா பாரு. சொமையோட ஏறுறவ எங்கயாச்சும் நேரா பாப்பாளா? காலைத்தான் பாப்பா. வழுக்குற எடம் வேற."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். அரிசி மணி அளவு தலை. அம்மா சொன்னது சரி, அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் நிமிர்த்தி வைத்திருந்தேன். அழித்துத் திரும்பப் போட்டேன். அம்மா தட்டைத் தலைக்குக் கீழே வைத்துப் பட்டறைத் தரையில் படுத்துக்கொண்டு, முடிகிற வரை பார்த்திருந்தாள்.

ஏறக்குறைய முடிந்த நிலையில் ஹோட்டல் முதலாளி பார்க்க வந்தார். பர்மியர். அந்த ஊர்க் கைலியான லோஞ்ஜியைப் பட்டில் கட்டிய, நல்ல உயரமான மனிதர். மேலிடத்தில் செல்வாக்குள்ளவர் என்று நானா முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் அவரைச் சயாஜி, அதாவது பெரிய ஐயா, என்று கூப்பிட்டோம். கித்தான் முன்னால் வந்து நின்றதும் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கே குளிருது" என்றார் பர்மிய மொழியில். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

நானாவின் முகம் மலர்ந்தது. இது பிடித்தால் மற்ற அறைகளுக்கும் சேர்த்து இன்னும் பதினொரு படங்களுக்கு வேலை தருவதாகச் சயாஜி சொல்லியிருந்தார். அப்புறம் அவர் கிட்டே போனார். கார்ச் சாவியால் சுட்டிக் காட்டினார்.

"இவன் யாரு?"

"பிச்சைக்காரர், சயாஜி. கால் இல்ல" என்றேன்.

"சாப்பிடுற எடத்துல பிச்சைக்காரனா? எடுத்துடு. இந்தப் பொம்பள, பாவாடையோட விழுந்து கெடக்கறா, அசிங்கம். வெறகுக்காரி எதுக்கு? சுவர் ஓரமா நிக்கறவன் என்ன பண்றான்னு விருந்தாளிக்குத் தெரியாதா? இவங்க எல்லாரையும் எடுத்துட்டுப் பனி போட்டுடு." சாவி வலது ஓரத்துக்குப் போனது. "ஆத்தங்கரையில இந்தக் குடிசைங்க. இதையும் எடுத்துட்டு ரெண்டு மரம் வை."

உண்மையைச் சொல்ல வேண்டும். சுவர் ஓரத்து ஆளை மட்டும் கேட்டிருந்தால் எடுத்திருப்பேன். விழுந்த பெண்ணைக் கேட்டிருந்தால் பாவாடையைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருப்பேன். ஆனால் குடிசைகளை எடுத்துவிட்டு மரம் வை என்றதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எங்கள் கால்வாய்க்கரையில் வரிசையாக மரம்தான் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு மரத்தையும் பார்த்து, இது யார் வீடு என்று என்னால் சொல்ல முடியும்.

"மயபூ" என்றேன்.

பர்மிய மொழியில் 'முடியாது' என்று பொருள். அவ்வளவு மொட்டையாக ஒரு பெரிய மனிதரிடம் யாரும் சொல்வதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானாவைப் பார்த்தார். "ஒரு வாரத்துல அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் போன பிறகு நானா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மயபூவா? அந்த ஆளுகிட்ட மயபூன்னா சொன்னே?"

"ஆமா நானா."

"அவரு ஒரு போன் போட்டா இந்தக் கதவு நாளைக்குத் தொறக்காது. தெரியுமா உனக்கு? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. உனக்கு ஒரு அம்மா. படம்தானே தங்கச்சி இது. இவங்க யாரு நமக்கு? நம்ம மாமனா, மச்சானா?"

"யாரோதான். ஆனா அவங்க இருக்காங்க. நான் எடுக்க மாட்டேன்."

"நீ எடுக்க வேணாம். நான் எடுக்குறேன்."

மறுநாள் காலையில் நான் வந்தபோது பிச்சைக்காரர் இல்லை. அந்த இடத்தில் பனி இருந்தது. நானா நல்ல கைக்காரர், பூசின இடமே தெரியவில்லை. நான் லோஞ்ஜியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துணியை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, மெதுவாகத் துடைத்தேன். அடியில் இருந்தது மூன்று வாரம் காய்ந்தது, மேலே இருந்தது ஈரம். முதலில் தொப்பி வந்தது, பிறகு கை, பிறகு கட்டை. நானா தேநீர்க் கிளாஸோடு வாசலில் நின்று பார்த்தார்.

அடுத்த நாள் பிச்சைக்காரரும் இல்லை, விறகுக்காரியும் இல்லை, இரண்டு குடிசைகளும் இல்லை. துடைத்தேன். மதியம் வரை ஆனது.

மூன்றாம் நாள் பிச்சைக்காரர் மறுபடி போயிருந்தார். டர்பன்டைன் டப்பா அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. சந்தை முனைக்கு நடந்து போய் அம்மாவிடம் மண்ணெண்ணெய் புட்டியை வாங்கி வந்தேன். பட்டறை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். பிச்சைக்காரரின் தோள் கொஞ்சம் கலைந்துவிட்டது, திரும்ப வரைய வேண்டியிருந்தது. வரைந்துகொண்டிருக்கும்போது நானா என் பின்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிந்தும் நினைத்தேன்.

"எனக்கு மட்டும் இது ஆசையா?" என்றார். "சினிமாத் தட்டியில எத்தனை பேரு மூஞ்சிய மேலேருந்து சொன்னாங்கன்னு அழிச்சிருக்கேன். அப்புறம் அவங்க படமே வராது. அழிச்ச கை இதுதான்."

நான் தூரிகையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"சரி. நீயே வந்து அவருகிட்ட சொல்லு" என்றார்.

ஹோட்டல் மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. லாரியில் கித்தானை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நானும் நானாவும் போனோம். சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி போட்டிருந்தார்கள். அவ்வளவு குளிரில் நான் அதுவரை நின்றதில்லை. மேஜைகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. வேலைக்காரர்கள் ஏணி வைத்துப் படத்தை ஏற்றி ஆணியில் மாட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது அது என் கையிலிருந்து வந்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சயாஜி வந்தார். நேராகப் படத்தின் கிட்டே போனார். ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு" என்றார்.

நான் பேசினேன்.

"சயாஜி, அவங்கள எடுத்துட்டா அது ஊரு இல்ல. வெறும் ஐஸ். ஐஸ் வேணும்னா மீன் படித்துறையில கெடைக்கும்."

"கலாமா, நீ எந்தப் பேட்டை?" இந்தியப் பெண்களை இளப்பமாகச் சொல்ல அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

புதுப்பேட்டையின் பெயரைச் சொன்னேன்.

"அதுக்கு முன்னால?"

"பசுந்தாங் கால்வாய்க்கரை. குடிசை. இப்ப அங்க மரம் இருக்கு."

அவருக்குப் புரிந்தது. முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சட்டைக் கையில் ஏதோ ஒட்டியதுபோல் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு ஏணியில் நின்றவனைப் பார்த்து, "எறக்கு" என்றார். மற்ற பதினொரு படங்களும் அதோடு போயின.

திரும்பும் வழியில் நானா லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து வந்தார். பட்டறை வாசலில் இறங்கியதும் சொன்னார்: "நாளைக்கு வராதே தங்கச்சி. இதையும் எடுத்துட்டுப் போயிடு. இது இங்க இருந்தா நான் தினம் பாக்கணும்."

சட்டத்திலிருந்து கித்தானைப் பிரித்துச் சுருட்டிக் கட்டினேன். ஐந்தடி உருளை. அம்மா ஒரு முனை, நான் ஒரு முனை. தின்கன்ஜூன் பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார்.

"என்ன சாமான் இது?"

"ஊரு" என்றாள் அம்மா.

"என்னது?"

"உள்ள ஒரு ஊரு இருக்கு. நூறு பேருக்கு மேல இருக்காங்க. டிக்கெட் போடுறியா?"

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். பெருமையாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். அன்று அப்படி இல்லை. வேலை போனவள் நான். பஸ் முழுக்க அந்த உருளையை மடியில் போட்டுக்கொண்டு, நான் செய்தது சரியா என்று அம்மா கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில், "வாணலி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வாங்கணும், ரெண்டு பேரு சுடலாம்" என்றாள்.

எங்கள் மூங்கில் வீட்டில் எட்டடிச் சுவரே கிடையாது. அதனால் படத்தை வெளியே, கூரை இறவாரத்துக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டது. எங்கள் தெருவில் இருந்த எல்லோரும் நகரத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து லாரியில் வந்து இறங்கியவர்கள்தான். பர்மியர், தமிழர், சீனர், எல்லோரும் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சைக்கா என்னும், பக்கத்தில் ஆள் ஏற்றும் மிதிவண்டி ஓட்டுகிறவர். அவர் பிச்சைக்காரரின் கைக்கட்டையைப் பார்த்து அது எப்படி வழுக்காமல் பிடிக்கும் என்று வெகுநேரம் யோசித்தார். அடியில் ஆணி அடித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மறுநாள் என்னிடம் இருந்த காலண்டர் தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒரு புள்ளி இருந்தது. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் வலது ஓரத்துக் குடிசைகளைக் காட்டி, "இவங்கள இன்னும் எடுக்கல போலிருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் சேர்கிறது என்று வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். படத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

"எடுத்துடறோம் சயா" என்றாள் அம்மா. "படத்துல வெயில் வரட்டும். வந்த அன்னைக்கே எடுத்துடறோம்."

அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மழைக்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்கு நாங்களே எடுத்தோம். மழை விட்டதும் கட்டினோம். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அதைப் பார்த்தே எனக்கு வேலை வந்தது. தேநீர்க் கடைப் பலகை, வெற்றிலைக் கடைப் பலகை, சைக்காவின் முதுகில் மயில், முருகன் கோயில் தேருக்குச் சீலை. காலையில் பயாஜோ, மத்தியானம் வர்ணம். பன்னிரண்டு வருஷம் அப்படியே போனது.

இரண்டாயிரத்தெட்டில் புயல் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், எங்களைவிட ஆயிரம் மடங்கு இழந்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குக் கூரை போனது. விடிந்து பார்த்தபோது நான்கு கால்களும் ஒன்றரைச் சுவரும் நின்றன. பரணில் சுருட்டி வைத்திருந்த கித்தான் சேற்றில் கிடந்தது. அம்மாதான் அதைப் பிரித்தாள். எண்ணெய் வர்ணம் பூசிய கித்தானில் தண்ணீர் இறங்காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூங்கில் வைத்து, வர்ணப் பக்கம் கீழே வரும்படி இழுத்துக் கட்டினோம். அதன் கீழே மூன்று குடும்பங்கள் இருந்தோம். பகலில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் ஆறும் ஜனங்களும் தலைகீழாகத் தொங்குவார்கள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நானா வந்தார். ஒரு சின்ன லாரியில் அரிசி மூட்டைகளும் தார்ப்பாய்களும் ஏற்றிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. குனிந்து உள்ளே வந்தவர், நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"இது அதானே?"

"அதேதான் நானா."

"பிச்சைக்காரன் எங்க?"

காட்டினேன். கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட பனி இதவிட நல்லா இருந்துச்சு" என்றார்.

"ஆமா. நல்ல பனிதான்."

அம்மாவிடம் அரிசியை ஒப்படைத்துவிட்டு, ஆட்களோடு சேர்ந்து அவரும் தார்ப்பாயைக் கட்டினார். கிளம்பும்போது என்னிடம், "பட்டறை இருக்கு. வரணும்னா வா" என்றார்.

"ஆளை எடுன்னு சொன்னா எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

"தெரியும்."

"நீங்களும் பனி பூசக் கூடாது."

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளேயிருந்து, "அவ அடுத்த மாசம் வருவா தம்பி. மொதல்ல எங்க வீட்டைக் கட்டணும்" என்றாள்.

போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். சென்ற வருஷம், அதாவது இரண்டாயிரத்துப் பத்தின் தொடக்கத்தில், ஓர் அம்மாள் பட்டறைக்கு வந்தார். வசதியான தமிழ்க் குடும்பம். கையில் பழைய குடும்பப் புகைப்படம். அதைப் பெரிய வர்ணப் படமாக வரைந்து தர வேண்டும் என்றார். பெரியவர் நடுவில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் மனைவி, மக்கள், மருமக்கள். ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்து மறைத்தார்.

"இவ மட்டும் வேணாம். எங்களுக்குச் சொல்லாம ஒருத்தனோட போயிட்டா. அந்த எடத்துல ஒரு பூந்தொட்டி வச்சிடுங்க."

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். அதற்குள் நானா மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்க பட்டறையில ஆளை எடுக்குறதில்லம்மா. வேணும்னா சேக்கலாம். அந்தப் பொண்ணு கட்டிக்கிட்டவரு போட்டோ இருந்தா கொண்டாங்க, பக்கத்துல நிக்க வச்சுத் தர்றோம்."

அந்த அம்மாள் புகைப்படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நானா திரும்பி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"உன்னால ஒரு நல்ல கிராக்கி போச்சு" என்றார்.

"நான் வாயே தொறக்கல நானா" என்றேன்.